ஒரு பிளாக் தெற்கே: ராலி திறந்தவெளி அரங்கமும் ஒரு தெருவின் மூடலும்

வட கரோலினாவின் தலைநகரான ராலியில், மக்டவல் தெருவில், படபடக்கும் சுவர் ஒன்று இருக்கிறது. மாநாட்டு மையத்தின் மேற்குச் சுவர் அது. உள்ளங்கை அகல அலுமினியத் தகடுகள், மொத்தம் 79,464, சுவர் முழுக்கத் தொங்குகின்றன. காற்று வீசினால் அத்தனையும் அசையும். வெளிர் தகடும் அடர்நிறத் தகடும் சேர்ந்து தூரத்திலிருந்து பார்க்கையில் ஒரு பெரிய ஓக் மரமாகத் தெரியும். இந்த ஊருக்கு ‘ஓக் மரங்களின் நகரம்’ என்று பட்டப்பெயர். இருட்டியதும் பின்னாலிருந்து விளக்குகள் எரிய, மரம் நீலமாகும், பச்சையாகும், ஊதாவாகும்.

அந்தச் சுவருக்கு எதிரில், தெருவைத் தாண்டினால், ரெட் ஹாட் ஆம்ஃபிதியேட்டர். சுமார் 6,000 பேர் கொள்ளும் திறந்தவெளி அரங்கம். கோடைக் கச்சேரி நாளில் முன்னால் நாற்காலி, பின்னால் புல்தரை, அண்ணாந்தால் டவுன்டவுனின், அதாவது நகரின் மையப்பகுதியின், உயர்ந்த கட்டடங்கள். பாட்டு பிடிக்காவிட்டாலும் அந்த இடம் பிடித்துப்போகும்.

2024ல் இந்த அரங்கத்தை ஒரு பிளாக் தெற்கே நகர்த்துவது என்று ராலி நகர்மன்றம் உறுதி செய்தது. ஒரே ஒரு பிளாக், ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெருவரை. நடந்தால் இரண்டு நிமிடம். இதில் சண்டை போட என்ன இருக்கிறது? அரை மணி தூரத்திலிருந்து காரில் வந்து, பார்க்கிங் தேடி, பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் கிளறிப் பார்த்தபோது, வாதம் அரங்கத்தைப் பற்றியதே இல்லை என்று புரிந்தது. புது அரங்கத்துக்கு இடம் பண்ண, சவுத் தெருவில் டாசன் தெருவுக்கும் மக்டவல் தெருவுக்கும் நடுவில் உள்ள துண்டை நிரந்தரமாக மூடவேண்டும். சண்டை அதற்காக.

தற்காலிகமாக வந்தவர்

இந்த அரங்கம் பிறந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாநாட்டு மையம் 2008ல் திறந்தது. என்றாவது ஒருநாள் அதை விரிவாக்கவேண்டி வரும் என்று எதிரில் இருந்த நிலத்தை நகரம் கையில் வைத்திருந்தது. நிலம் சும்மா கிடப்பானேன் என்று 2010ல் அதில் மேடை போட்டு, நாற்காலி போட்டு, கச்சேரி நடத்த ஆரம்பித்தார்கள். ஆக, முதல் நாளிலிருந்தே அது வாடகை வீட்டில் இருந்த அரங்கம்தான். வீட்டுக்காரர் என்றைக்கு வந்து நின்றாலும் சாவியைக் கொடுக்கவேண்டும்.

பெயர் வைப்பதில் நடந்தது தனிக் கூத்து. ஒரு பீர் பிராண்டின் பெயரைச் சூட்டப் பேச்சு நடந்தது; மாநில மதுக் கட்டுப்பாட்டு ஆணையம் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச காலம் ஊர்ப்பெயரிலேயே ஓடியது. 2012ல் லினக்ஸ் மென்பொருள் நிறுவனமான ரெட் ஹாட் பெயருரிமையை வாங்கியது. அதன் தலைமையகமும் அடுத்த ஆண்டே டவுன்டவுனுக்கு வந்துவிட்டது.

ஊர் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அளவு. பக்கத்திலேயே இதைவிடப் பெரிய அரங்கம் இருக்கிறது: தென்கிழக்கு ராலியில், 1991ல் கட்டிய வால்நட் கிரீக், சுமார் 20,000 பேருக்கு. பக்கத்து ஊரான கேரியில் கோக்கா பூத் என்ற அரங்கம் இருக்கிறது. பைன் மரங்களுக்கு நடுவே, ஏரிக்கரையில், கேட்க சுகமான இடம், ஆனால் கார் இல்லாமல் போய்ச் சேருவது கஷ்டம். ஊர் ஊராகப் போய்ப் பாடும் குழுக்களில் பெரும்பாலோருக்கு 20,000 பேரைக் கூட்டும் பலம் கிடையாது, 1,000 பேர் கொள்ளும் கிளப்பும் போதாது. நடுவில் இருக்கும் அந்த 5,000, 6,000 என்ற அளவுதான் ரெட் ஹாட்டின் மூலதனம். இன்னொன்று, கச்சேரி முடிந்து வெளியே வந்தால் நடக்கிற தூரத்தில் உணவகமும் பாரும் உண்டு. வால்நட் கிரீக்கில் கச்சேரி முடிந்தால் கிடைப்பது பார்க்கிங்கிலிருந்து வெளியேறக் காத்திருக்கும் கார் வரிசை.

புளூகிராஸ் என்பது அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஒரு வகை; 2013 முதல் 2024 வரை உலக புளூகிராஸ் இசைத் திருவிழா ராலியில் நடந்தது. அதன் பெரிய கச்சேரிகளுக்கு இதுவே மேடை. 2025லிருந்து அந்த விழா டென்னசியின் சட்டனூகாவுக்குப் போய்விட்டது. அதற்கும் அரங்க இடமாற்றத்துக்கும் முடிச்சுப் போடுபவர்களைக் கேட்டிருக்கிறேன், நான் போடமாட்டேன். ஆனால் திருவிழாக்கள் ஊரைவிட்டுப் போகும் என்பதை நகரத்தார் கண்ணால் பார்த்த நேரம் அது. மேடை இல்லாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் வெறும் கற்பனையாக இல்லை.

தோசை பில்லில் ஒரு சதவீதம்

நகர்த்தும் எண்ணம் எங்கிருந்து வந்தது? பணத்திலிருந்து. இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் எதிர்த்தவர்களில் பாதிப் பேர் இடறியது இந்த இடத்தில்தான்.

ராலி இருப்பது வேக் கவுண்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி. அதே கவுண்டியில் உள்ள கேரி அல்லது மோரிஸ்வில்லில் தோசை சாப்பிட்டுவிட்டு பில்லைப் பாருங்கள்: வரி 8.25 சதவீதம். அதில் 7.25 வழக்கமான விற்பனை வரி. மிச்சம் இருக்கும் 1 சதவீதம் உணவக வரி. ஹோட்டலில் தங்கினால் அறை வாடகைமேல் தனியாக 6 சதவீதம். இந்த இரண்டும் போய்ச் சேரும் பொது நிதிதான் ஊரின் மாநாட்டு மையத்துக்கும் விளையாட்டு அரங்கத்துக்கும் கஞ்சி ஊற்றுகிறது. மாநிலச் சட்டம் கட்டிவைத்த பணம் அது. சுற்றுலா, மாநாடு, கலை, விளையாட்டு என்ற வட்டத்துக்குள் செலவழிக்கலாம். அதை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்ட முடியாது, ஏழைகளுக்கு வீடு கட்ட முடியாது, போலீஸ் சம்பளம் கொடுக்க முடியாது. ‘இவ்வளவு கோடியை வீட்டுவசதிக்குச் செலவழிக்கக்கூடாதா?’ என்று கேட்டவர்களுக்கு நகரத்தின் பதில் ரொம்பச் சுருக்கம்: முடியாது, சட்டம் விடாது. பதில் சரிதான். ஆனால் ஒரு பை நிறையப் பணம் இருந்து, அதை ஒரே கடையில்தான் செலவழிக்கலாம் என்றால், அந்தக் கடையில் தேவைக்கு மேல் வாங்கத் தோன்றும் என்பதும் உண்மை. தோசை தின்பவர் எவரும் அந்த 1 சதவீதத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. அதனால்தான் அந்தப் பணம் இவ்வளவு சத்தமில்லாமல் சேர்கிறது.

2023ல் இந்த நிதியின் பெரும்பங்கு இரண்டு இடங்களுக்குப் பிரிக்கப்பட்டது. ஹாக்கியும் கூடைப்பந்தும் நடக்கும் உள்ளரங்கத்தைப் புதுப்பிக்க 30 கோடி டாலர். மாநாட்டு மைய விரிவாக்கத்துக்குச் சுமார் 38.75 கோடி. இப்போது ஏறத்தாழ 5 லட்சம் சதுர அடி இருக்கும் மையத்தோடு இன்னும் 3 லட்சம் சதுர அடி அளவுக்குச் சேர்ப்பது திட்டம். கூடவே, ஃபயட்வில் தெருவின் தென்கோடியில், 500க்கும் மேற்பட்ட அறைகளோடு ஓம்னி ஹோட்டல். மாநாட்டுத் தொழிலில் ஹோட்டல் அறை இல்லாமல் ஹால் மட்டும் கட்டுவது, மண்டபம் கட்டிவிட்டு சமையல்கட்டை மறப்பது போல.

மாநாட்டு மையங்களை விரிவாக்குவது லாபமா என்பது அமெரிக்காவில் பழைய சண்டை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாகத்தைச் சேர்ந்த ஹேவுட் சாண்டர்ஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது: ஆலோசகர்கள் முன்கூட்டிக் கணிக்கும் கூட்டம் பெரும்பாலும் வருவதில்லை, எல்லா ஊரும் ஒரே மாநாடுகளுக்காகப் போட்டி போட்டு ஹால்களைப் பெரிதாக்கிக்கொண்டே போகின்றன. ராலியின் ஆதரவாளர்கள் சொல்வது: எங்களிடம் கேட்டு, இடம் போதாமல் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். எனக்கு சாண்டர்ஸ் பக்கம்தான் சாய்வு, ஆனால் இந்தப் பிரச்சினையில் அந்த வாதத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. தெருவைப் பற்றி ஊர் பேச ஆரம்பித்தபோது, மையத்தை விரிவாக்குவதா என்ற கேள்வி முடிந்துபோயிருந்தது.

சங்கிலி இப்படி: பணம் ஒதுக்கியாயிற்று, எனவே மையம் விரியும். மையம் எதிர்நிலத்துக்கு வரும், எனவே அரங்கம் காலிசெய்யும். அரங்கம் டவுன்டவுனைவிட்டுப் போகக்கூடாது, எனவே ஒரு பிளாக் தெற்கே போகும். மேடை, லாரிகள் வந்து நிற்கும் பின்பகுதி, 6,000 பேருக்கான இருக்கை, கழிப்பறை, கடைகள், எல்லாம் அந்த நிலத்தில் மட்டும் அடங்காது. எனவே தெரு. ஒவ்வொரு ‘எனவே’யும் தனியாக எடுத்தால் நியாயமாகவே இருக்கிறது. கடைசி ‘எனவே’யில் மட்டும்தான் ஊராரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள்.

தெற்கு எல்லை

1792ல் வட கரோலினா தனக்கென்று புதிதாக ஒரு தலைநகரம் கட்ட ஜோயல் லேன் என்பவரிடம் 1,000 ஏக்கர் வாங்கியது. வில்லியம் கிறிஸ்மஸ் என்ற நில அளவையாளர் அதில் 400 ஏக்கரில் ஊரை வரைந்தார். நடுவில் சட்டமன்றத்துக்கு ஒரு சதுக்கம், சுற்றி நான்கு சிறு சதுக்கங்கள். சட்டமன்றத்திலிருந்து நாலு திசைக்கும் போகும் பெரிய தெருக்கள் 99 அடி அகலம், மற்றவை 66 அடி. நான்கு எல்லைகளிலும் நான்கு தெருக்கள். அவற்றுக்குப் பெயர் யோசிக்க அவர் சிரமப்படவில்லை: நார்த், ஈஸ்ட், சவுத், வெஸ்ட். மதுரையில் வடக்கு மாசி வீதி, கீழ மாசி வீதி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த வரைபடத்தைப் பார்த்ததும் விளங்கிவிடும். சட்டமன்றத்தைச் சுற்றி நான்கு வீதிகள். தேர்தான் இல்லை.

இப்போது மூடுவது அந்தத் தெற்கு வீதியில் ஒரு துண்டு.

பழசு என்பதற்காக மட்டும் ஒரு தெருவைக் கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை. ஆனால் சவுத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கிழக்கே ஷா பல்கலைக்கழகம்; முகவரியே கிழக்கு சவுத் தெரு. 1865ல், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய கல்விக்கூடம். 1960 ஏப்ரலில் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு என்ற உரிமைப் போராட்ட அமைப்பு பிறந்தது இந்த வளாகத்தில்தான். மேற்கே, டாசன் தெருவைத் தாண்டினால், ஹெரிடேஜ் பார்க் என்ற, குறைந்த வருமானக்காரர்களுக்கான பொதுக் குடியிருப்பு. ‘நகர்ப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் டவுன்டவுனின் தெற்கே கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளை இடித்துத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. அந்த நினைவு இந்தப் பக்கத்து மனிதர்களிடம் இன்னும் இருக்கிறது. இன்னும் மேற்கே பாய்லன் ஹைட்ஸ், நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட பேட்டை. அதற்கப்பால் டிக்ஸ் பூங்கா: 1856ல் தொடங்கிய மனநல மருத்துவமனையின் 308 ஏக்கர் வளாகம், 2015ல் நகரம் 5.2 கோடி டாலருக்கு மாநிலத்திடமிருந்து வாங்கியது.

அந்தப் பூங்காவைத்தான் ‘ராலி முழுவதற்குமான பூங்கா’ என்று நகரமே இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறது. அப்படியானால் ஷாவிலிருந்தும் டவுன்டவுனின் தென்கிழக்கிலிருந்தும் அங்கே நடந்து போகிறவர் எந்த வழியாகப் போவார்? ஒரு கையால் பூங்காவுக்கு வழி காட்டிவிட்டு, இன்னொரு கையால் அந்த வழியை அடைப்பதா? எதிர்த்தவர்களின் வாதங்களில் இதுதான் கனமானது. சத்தம், பார்க்கிங், போக்குவரத்து நெரிசல் எல்லாம் அப்புறம்.

சத்தத்தைப் பற்றி ஒரு பத்தி மட்டும். திறந்தவெளியில் ஒலி, தூரம் இரண்டு மடங்கானால் தோராயமாக 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 400 மீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு மேடை 100 மீட்டர் நெருங்கி வந்தால் கணக்குப்படி கூடுவது 2.5 டெசிபல் அளவுதான். காதுக்கு அது சின்ன வித்தியாசம். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, நடுவில் கட்டடம் மறைக்கிறதா, ‘தும் தும்’ என்ற அடித்தள ஒலியை அளவெடுக்கும் கருவி கணக்கில் எடுக்கிறதா என்பவைதான் ஜன்னல் அதிர்வதைத் தீர்மானிக்கும். இவையெல்லாம் வடிவமைப்பில் சரிசெய்யக்கூடியவை. மூடிய தெருவை வடிவமைப்பால் திறக்க முடியாது.

ஒருமுறை பட்ட சூடு

இந்த ஊர் ஏற்கெனவே ஒரு தெருவை மூடிப் பார்த்திருக்கிறது. அதுவும் எந்தத் தெரு! சட்டமன்றத்திலிருந்து நேர் தெற்காக இறங்கும் ஃபயட்வில் தெரு, ஊரின் ராஜவீதி.

1970களில் புறநகர் மால்கள் டவுன்டவுன் கடைகளின் வியாபாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. நாமும் மால் மாதிரி ஆகிவிடுவோம் என்று, கார்களை விலக்கி ஃபயட்வில் தெருவை நடைவீதியாக்கினார்கள். 1977ல் அதன் தெற்குப் பகுதியில், தெருவுக்குக் குறுக்கே, சிவிக் சென்டர் என்ற மாநாட்டு மண்டபத்தைக் கட்டினார்கள். சட்டமன்றப் படியில் நின்றால் தெற்குக் கோடியில் தெரிந்த மெமோரியல் ஆடிட்டோரியம் மறைந்துபோனது. வருவார்கள் என்று எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. சாயங்காலம் அலுவலகம் விட்டதும் அந்தத் தெரு வெறிச்சோடிப்போகும். 2005ல் சிவிக் சென்டரை இடித்தார்கள். 2006ல் தெருவைத் திரும்பவும் காருக்குத் திறந்துவிட்டார்கள். ஊரே கூடிக் கொண்டாடியது. அந்த சிவிக் சென்டருக்கு மாற்றாக வந்ததுதான் இன்றைய மாநாட்டு மையம், படபடக்கும் சுவர் உள்ள அதே கட்டடம்.

அதாவது, தெருவை மறித்த மாநாட்டு மண்டபத்தை இடித்துக் கட்டிய மாநாட்டு மையம், தான் பெரிதாவதற்காக இன்னொரு தெருவை மறிக்கச் சொல்கிறது. இதைச் சொன்னால் நகர அலுவலகத்தில் உள்ளவர்களுக்குக் கோபம் வரும். ஃபயட்வில் ராஜவீதி, சவுத் தெரு அப்படி இல்லை. அன்று மூடியது பல பிளாக், இன்று ஒன்றுதான். அன்று கட்டியது இரவில் செத்துப்போகும் மண்டபம், இன்று கட்டுவது இரவில்தான் உயிர்பெறும் அரங்கம். வித்தியாசங்கள் உண்மைதான். ஆனாலும் அனுபவப்பட்ட ஊர் இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டிருக்கலாம்.

இரண்டு இடத்தில் ஒட்டிய அறிவிப்பு

வட கரோலினாவில் ஒரு தெருவை நிரந்தரமாக மூடச் சட்டம் ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. முதலில் மன்றம், மூட எண்ணம் கொண்டிருக்கிறோம் என்று தீர்மானம் போடவேண்டும். அதைத் தொடர்ந்து நான்கு வாரம் வெளியிடவேண்டும். தெருவை ஒட்டிய நிலச் சொந்தக்காரர்களுக்குத் தபாலில் அனுப்பவேண்டும். தெருவிலேயே குறைந்தது இரண்டு இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி அறிவிப்பு வைக்கவேண்டும். அப்புறம் கருத்துக்கேட்புக் கூட்டம். அதன்பின் மன்றத்துக்கு இரண்டு விஷயத்தில் திருப்தி ஏற்படவேண்டும்: மூடுவது பொதுநலனுக்கு விரோதமில்லை, அக்கம்பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற எவருக்கும் போக்குவரத்து வழி அற்றுப்போகாது. பாதிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம்.

கவனித்தீர்களா? சட்டம் நிலச் சொந்தக்காரரைத் தேடிப்போய்ச் சொல்கிறது. தெருவில் நடக்கிறவருக்கு இரண்டு அறிவிப்புப் பலகை. ஹெரிடேஜ் பார்க்கில் வாடகைக்கு இருப்பவர், ஷாவில் படிக்கிற மாணவி, பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கே நடக்கிற சமையல் தொழிலாளி, இவர்களுக்குத் தபால் வராது.

முன்பெல்லாம் இந்த இடைவெளியை நிரப்ப ஓர் ஏற்பாடு இருந்தது. 1970கள் முதல் ராலியில் பேட்டைவாரியாகக் குடிமக்கள் ஆலோசனைக் குழுக்கள் இயங்கின. நிலம், கட்டடம், தெரு என்று எது வந்தாலும் மாலையில் ஏதாவது சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து பேசி, கைதூக்கி, மன்றத்துக்குக் கருத்து அனுப்புவார்கள். வருவது பெரும்பாலும் வயதான வீட்டுச் சொந்தக்காரர்கள், எதைக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்பார்கள் என்று அவற்றின்மேல் குறை உண்டு. அதில் உண்மையும் உண்டு. 2020 பிப்ரவரியில் மன்றம், முன்னறிவிப்பே இல்லாமல், அந்தக் குழுக்களுக்கான ஆதரவை நிறுத்தி வாக்களித்தது. அதற்குப்பின் நகரம் எதைக் கேட்டாலும் ‘முடிவை எடுத்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்’ என்ற சந்தேகம் கூடவே வந்தது. சவுத் தெரு விவாதத்தில் தெறித்த கோபத்தில் நல்ல பங்கு இந்தப் பழைய கணக்கு.

2024 கோடையில் பேச்சு சூடுபிடித்தது. ஒரு பக்கம் சுற்றுலா அமைப்பும் டவுன்டவுன் வியாபாரிகளும்: கச்சேரி இரவுகளை நம்பி எத்தனை உணவகம் இருக்கிறது, தாமதித்தால் அரங்கமும் போகும், மையமும் தள்ளிப்போகும், கட்டுமானச் செலவோ நாளுக்கு நாள் ஏறுகிறது. கோவிட்டுக்குப்பின் அலுவலகங்கள் பாதி காலியான டவுன்டவுனில் இந்தப் பேச்சுக்கு எடை இருந்தது. மறுபக்கம் பாய்லன் ஹைட்ஸ்காரர்களும், தெருக்கட்டத்தைக் கலைக்கக்கூடாது என்ற நகரமைப்பு ஆர்வலர்களும், தெற்குப் பக்கத்துக் குடும்பங்களும். இந்தக் கூட்டணி கொஞ்சம் விநோதமானது. வழக்கமாக ‘நகரம் வளரட்டும், கட்டடம் உயரட்டும்’ என்று வாதாடும் இளைஞர்கள், வழக்கமாக ‘எதையும் தொடாதே’ என்று சொல்லும் பெரியவர்களோடு ஒரே பக்கம் நின்றார்கள். சிறு சிறு பிளாக்குகளாகப் பின்னிய தெருக்கட்டம்தான் ஒரு டவுன்டவுனை நடக்கத்தக்கதாக வைத்திருக்கிறது என்பது இளைஞர்களின் வாதம். இரண்டு பிளாக்கை ஒட்டி ஒன்றாக்கினால், சுற்றி நடக்கிறவருக்கு ஒரு நீளமான மதில்தான் மிச்சம்.

கார்கள் வடக்கே லெனோர் தெருவில் போகலாம், நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழி விடுவோம் என்றது நகரம். செப்டம்பரில் மன்றம் தெருவை மூட ஒப்புதல் தந்தது.

சரி, முடிவு தப்பா?

அரங்கத்தை டவுன்டவுனிலேயே வைத்துக்கொண்டது சரி என்றுதான் நினைக்கிறேன். டிக்ஸ் பூங்காவுக்குக் கொண்டுபோகலாமே என்று சிலர் சொன்னார்கள். அங்கே கொண்டுபோனால் அது இன்னொரு வால்நட் கிரீக் ஆகியிருக்கும்: காரில் வந்து, காரில் போகிற இடம். ஊர் நடுவில் 6,000 பேர் நடந்து வந்து நடந்து கலைவது ஒரு டவுன்டவுனுக்குக் கிடைக்கும் பெரிய வரம். அதை எதிர்த்தவர்களிலும் பலர் மறுக்கவில்லை.

தப்பு வரிசையில். 2023ல் பணத்தைப் பிரிக்கும்போதே, அரங்கம் எங்கே போகும், அதற்கு எந்தத் தெரு பலியாகும் என்று சேர்த்து ஊர்முன் வைத்திருந்தால், மையத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாமா, அரங்கத்தின் வடிவத்தை மாற்றலாமா, தெருவுக்கு மேலே கட்டலாமா என்று பேச இடம் இருந்திருக்கும். அவற்றில் பலதும் செலவு தாளாமல் அடிபட்டுப் போயிருக்கலாம், அது வேறு விஷயம். 2024ல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்தவரின் முன்னால் இருந்ததோ ஒரே கேள்வி: தெருவா, கச்சேரியா? அப்படிக் கேட்டால் கச்சேரிதான் ஜெயிக்கும். ஆறாயிரம் பேர் பாட்டுக் கேட்கிற படத்தை எடுத்துக் காட்டலாம். ஒருத்தி பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே நடந்து போகிற படத்தை எடுத்து எங்கே காட்டுவது?

இன்னொன்றும் உறுத்துகிறது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த அரங்கம் 14 வருடத்தில் அசைக்கமுடியாததாகிவிட்டது. 232 வருடமாக இருக்கும் தெரு நகர்த்தத்தக்கதாகிவிட்டது. அரங்கத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, வருமானக் கணக்கு இருக்கிறது, அதற்காகப் பேச ஆள் இருக்கிறது. தெரு காசு சம்பாதிப்பதில்லை. மூட உத்தேசித்தால்தான் அதற்கு ஆதரவாளர்கள் முளைக்கிறார்கள், அதற்குள் நேரமாகிவிடுகிறது.

மூடும் முடிவுக்குத் தலைமை தாங்கிய மேயர் மேரி-ஆன் பால்ட்வின் அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்கவில்லை. நவம்பரில் மேயராகத் தேர்வானவர் ஜேனட் கவல். மாநிலப் பொருளாளராக இருந்தவர், அதன்பின் டிக்ஸ் பூங்காவுக்கான தொண்டமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பூங்காவுக்கு ஊர் எப்படி நடந்து வரும் என்று யோசிப்பதே வேலையாக இருந்த ஒருவர் கைக்கு இந்தத் திட்டம் வந்து சேர்ந்திருக்கிறது.

2027 கச்சேரிப் பருவத்துக்குப் புது அரங்கத்தைத் திறப்பது குறி. அது தயாரான பிறகுதான் பழைய அரங்கத்தை இடித்து மைய விரிவாக்கத்தை எழுப்ப முடியும். கச்சேரி ஒரு பருவம்கூட நிற்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. புது அரங்கத்தில் முதல் கச்சேரி நடக்கும் நாளில் எனக்குப் பார்க்க ஆசை மேடையை அல்ல. சாயங்காலம் ஏழு மணி, ஒலிச் சோதனை முடிந்து கதவு திறந்து, டாசன் தெரு முனைவரைக்கும் வரிசை நிற்கும்போது, ஷா பக்கத்திலிருந்து டிக்கெட் இல்லாமல் மேற்கே நடந்து வருகிற ஒருவர் மக்டவல் தெரு முனையில் நின்று, இடது பக்கம் திரும்புவாரா, வலது பக்கம் திரும்புவாரா, அல்லது நேராகவே போக விடுவார்களா என்று.